உறையின் வெள்ளைப் பக்கம்

எங்கள் கணித ஆசிரியர் ஆண் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெண்கள் வரிசையைப் பார்த்து, "ஏய் புள்ள, நீ எழும்பு" என்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் படிப்பிப்பார். எங்கள் பெயர்களை ஞாபகம் வைத்திருக்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். நாங்களும் ஏய் புள்ளைக்கு எழும்பிப் பழகியிருந்தோம். பத்தாம் வகுப்பில் சாய்ந்தமருதிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த அவள் எழும்பவில்லை.

"உன்னத்தான் புள்ள. காது கேக்காதா?"

"காது கேக்குது சேர். ஆரக் கூப்புடுறீங்கெண்டுதான் வெளங்கல்ல. இந்த வாங்கில நாங்க நாலு பேர் இரிக்கிறம்."

மணி அடிக்கும்வரை அவளை நிற்க வைத்தார். நின்றாள். மறுநாளும் அவர் ஏய் புள்ள என்றார், அவள் எழும்பவில்லை, பிறகு நின்றாள். கால் நோகவில்லையா என்று நாங்கள் கேட்டால், "நோகுதுதான்" என்பாள். கடைசியில் ஒருநாள் அவருக்கே சலித்துப்போய், வரவு இடாப்பைத் திறந்து அவளுடைய முழுப்பெயரையும் வாசித்தார். அந்தக் கணமே எழும்பிக் கரும்பலகைக்குப் போய் கணக்கைச் செய்தாள். பிழையாகச் செய்தாள். அவளுக்குக் கணக்கு ஒருபோதும் வந்ததில்லை.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் எந்த அநியாயத்துக்கும் ஒரு மருந்து உண்டு. "கெடக்கட்டும் உடு" என்பது. காய்ச்சலுக்குக் கொத்தமல்லி மாதிரி எல்லாருடைய வாயிலும் அது தயாராக இருக்கும். அவளிடம் யாராவது அதைச் சொல்லிவிட்டால் போதும். அவள் சத்தம் போட மாட்டாள். முக்காட்டின் ஓரத்தைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, குரலை இன்னும் கீழே இறக்கி, "ஏன் கெடக்கோணும்?" என்று கேட்பாள். பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். அவளோடு கூட்டாளியாக இருப்பது லேசான காரியமில்லை. கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் யாரிடமாவது அவள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவாளோ என்று அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பேன்.

கலியாணம் முடித்துப் பாலமுனைக்குப் போன பிறகும் அவள் மாறவில்லை. என் மூத்த சகோதரியான ராத்தாவும் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தார். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் நடக்கும் நாளில் மருத்துவமாது வாசலில் நின்று, "தோணிக்காரர்ர பொஞ்சாதி வாங்க, பள்ளிக்குப் பின்னால உள்ள மருமகள் வாங்க" என்று கூப்பிடுவாராம். இவள் நிறைமாதத்தோடு வாங்கில் உட்கார்ந்தே இருந்தாளாம். எல்லாரும் போய் முடிந்த பிறகு மருத்துவமாது வந்து, "உங்களத்தானே அப்பவே கூப்புட்ட?" என்று கோபித்திருக்கிறார். "என்ட மாப்பிளயத்தான் கூப்புட்டீங்க. அவர் கடலுக்குப் போயிட்டார்" என்றாளாம். இதை ராத்தா எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பாடசாலைக் காலத்துக் கசெட்டு விவகாரம் நினைவுக்கு வந்து, பழைய கோபம் அப்படியே மேலே ஏறியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது ஆறவில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். மாணவர் மன்றம் சார்பில் பாட்டுக் கசெட்டு ஒன்று வெளியிடுவதாக முடிவானது. எங்கள் வீடுகளில் புழங்கிய பாட்டுகளைத்தான் தொகுத்தோம். மருதமுனையில் தறிக்கு முன்னால் பெண்கள் பாடுவது, சவளக்கடைப் பக்கம் அறுவடைக்காலத்தில் பாடும் கவி, தொட்டிலாட்டும் பாட்டு, நாங்களே கட்டிய இரண்டொரு பாட்டு. உம்மாமாரிடம் கேட்டுக் கேட்டு எழுதியதும் பெண் பிள்ளைகள்தான், பாடியதும் பெண் பிள்ளைகள்தான். நான் பாடவில்லை. எனக்குக் குரல் இல்லை; றபான் என்ற கைப்பறையை அடித்தேன். கல்முனையில் பாட்டுப் பதிந்து விற்கும் ஒரு றெக்கோடிங் பாரின் பின்னறையில், காற்றாடிச் சத்தம் விழுந்துவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தோம்.

உறையை வடிவமைக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. வகுப்பில் கையெழுத்தும் சித்திரமும் அவளைப்போல யாருக்கும் வராது. முதல் வேலையாக, அவளுடைய மூத்த சகோதரரான காக்கா வைத்திருந்த ஒரு கசெட்டுப் பெட்டியைத் திறந்து, உள்ளே செருகியிருந்த அட்டையை வெளியே எடுத்து, மடிப்பு எங்கே விழுகிறது என்று தடவித் தடவிப் பார்த்தாள். புதுச் சட்டை வந்த பெட்டியின் அட்டையை வெட்டி அதே அளவில் ஒன்று செய்தாள். முன்பக்கம், நடுவில் ஒடுக்கமான முதுகு, பின்னால் மடிந்துவரும் சிறிய துண்டு.

"ராக்கையில அடுக்கி வெச்சா முதுகு மட்டுந்தான் தெரியும்" என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். "அதால பேர் முதுகில தடிப்பா இரிக்கோணும். முன்னுக்கு உள்ளது கையில எடுக்கிற ஆளுக்கு. உள்ளுக்கு உள்ளது பாட்டக் கேட்டுப்போட்டு, இது ஆருடா எண்டு தேடுற ஆளுக்கு."

கசெட்டுக்கு 'நெய்தற் பாட்டு' என்று பெயர் வைத்ததும் அவள்தான். நெய்தல் என்றால் கடற்கரை, நெய்தல் என்றால் தறி வேலை, இரண்டும் நாங்கள்தானே என்றாள். முன்பக்கத்தில் மேலிருந்து நீல நூல்கள் நேராக இறங்கின. பாதிக்குக் கீழே அவை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து அலையாகிக் கரையில் முடிந்தன. நான் பார்த்துவிட்டு, "நல்லா இரிக்கிகா" என்றேன்.

"எது நல்லா இரிக்கி?"

"எல்லாந்தான்."

"எல்லாம் எண்டா நீ ஒண்டையும் பாக்கல்ல. இந்த நூல் வளையிற இடம் பிழச்சுப்போய்க் கெடக்கு. அது உனக்குத் தெரியல்லியா?"

இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை நான். அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. நூல் வளையும் இடத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

உட்பக்கத்தில்தான் அவள் கூடுதலாக மினைக்கெட்டாள். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே பாடியவரின் முழுப்பெயர். பாட்டைச் சொல்லித்தந்த உம்மாவின் பெயர் அதற்குக் கீழே. றபான் என்று போட்டு அதற்கு நேரே என் பெயர். என் பெயரை அச்சு மாதிரி அத்தனை அழகாக யாரும் எழுதி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கசெட்டுக்குப் பொறுப்பாக இருந்த தமிழ் ஆசிரியர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். "வடிவா இரிக்கி" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனா இந்தப் பேரெல்லாம் வாணாம் புள்ள. 'பாடியோர்: பாடசாலை மாணவியர்' எண்டு ஒரு வரி போட்டாப் போதும். முன்னுக்கு முதலாளிட போட்டோவப் போடுவம். பதிவுச் செலவெல்லாம் அவர்தானே தந்த."

முதலாளி என்றால் எங்கள் ஊரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். பாடசாலைக்கு எது தேவையென்றாலும் அவரிடம்தான் போவார்கள்.

"முதலாளி போட்டோ போடச் சொல்லிக் கேட்டாரா சேர்?" என்று அவள் கேட்டாள்.

"அவர் கேக்கல்ல. நாமதான் யோசிச்சுச் செய்யோணும்."

"பாடின ஆக்களையும் யோசிச்சுச் செய்யலாந்தானே?"

"பொம்புளப் புள்ளைகள்ர பேரக் கடை கடையாத் தொங்க உடுறதா? அவங்கட வாப்பாமார் என்ன நெனைப்பாங்க? அதிபரும் அதத்தான் சென்னார்."

"குரல் கடை கடையாப் போகலாம். பேர்தான் போகப்படாதா சேர்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஊர் மருந்தையே எடுத்தார். "கெடக்கட்டும் புள்ள. பெரிசாக்காத."

வாப்பாமார் என்ன நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டார்களே, அந்த வெட்கம் பெண்களின் பாட்டை வாங்கி விற்கும்போது எங்கே போனது? உம்மாமாரின் வாயிலிருந்து வந்த பாட்டுக்கு, அரிசி ஆலைக்காரர் கோட்டுப் போட்டு ஸ்ரூடியோவில் எடுத்த படம் என்ன உறவு? மேசையைச் சுற்றி மன்றத்துப் பையன்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் மட்டும் "ஏன் கெடக்கோணும் சேர்?" என்று கேட்டுவிட்டு நின்றாள். தமிழ் சேர் எழும்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

உறை அச்சாகி வந்தது. முன்பக்கம் நிறைய முதலாளியின் முகம். அவள் வரைந்த நூல்களும் அலையும் ஒரு விரல் அகலத்துக்குச் சுருங்கி அவருடைய நெஞ்சுக்குக் கீழே கிடந்தன. ஓரத்தில் 'அட்டைப்படம்' என்று அவளுடைய பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். அவளுடைய வாயை அடைப்பதற்காகக் கொடுத்தது அது. என் பெயரும் பாடியவர்களின் பெயரும் வெளியில் தெரிந்தால் வெட்கம். கேள்வி கேட்கிறவளின் பெயருக்கு அந்த வெட்கம் இல்லை. அவள் அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஒரு உறையை எடுத்து, தன் பெயரின் மேல் நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள்.

உறைகளை மடித்துப் பெட்டிக்குள் செருகும் வேலையை, சொல்லவே வேண்டாம், பெண் பிள்ளைகளிடம்தான் கொடுத்தார்கள். வெளியீட்டு விழாவுக்கு முதல் நாள் மனையியல் அறையில் உட்கார்ந்தோம். அச்சு ஒரு பக்கத்தில்தான் இருந்தது. மறுபக்கம் வெறும் வெள்ளை. அவள் ஒரு உறையைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தைக் கையால் நீவிவிட்டாள்.

"நாளைக்கு மேடையில குடுக்கிற கட்ட மட்டும் இப்பிடித் திருப்பி மடிப்பம்" என்றாள். "முன்னுக்கு அவங்கவங்கட பேர அவங்கவங்களே எழுதுங்க. நான் ஆருட பேரையும் எழுத மாட்டன். விருப்பமில்லாத ஆள் எழுத வாணாம். ஒண்டும் நெனைக்க மாட்டன்."

பேனை கை மாறியது. தறிப்பாட்டைப் பாடிய பிள்ளை மட்டும் எழுதவில்லை. தன் காக்கா அடிப்பார் என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. எங்களில் ஒருத்தி, "சும்மா எழுதுகா" என்று தொடங்கினாள். உறை வரைந்தவள் தடுத்துவிட்டாள். "அவள் வாணாமெண்டா வாணாம். கேக்காம ஒளிக்கிறதும் பிழ, கேக்காமப் போடுறதும் பிழ." அந்தப் பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லா உறையிலும் நீல மையால் ஒரு நூலை வரைந்தாள். வெற்றிடமாக விடவில்லை.

என் கூட்டாளியுடைய பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம் அதுதான். தொண்ணூறுகளுக்குப் பிறகு அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. பாலமுனையில் விசாரித்தேன், குடும்பத்தோடு கொழும்புப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். கேட்க வழியில்லை. கேட்காமல் போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

விழாவில் அதிபர் கசெட்டை எடுத்துப் பெருமையாக முதலாளியின் கையில் கொடுத்தார். முதலாளி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தன் முகத்தை அவர் தேடியிருக்கக்கூடும். பெயர்களை வாசித்தார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். அவர் அன்றும் கோபிக்கவில்லை, அதற்குப் பிறகும் கோபித்ததாக நான் கேள்விப்படவில்லை. கோபித்தவர்கள் எல்லாரும் அவருக்காகக் கோபித்தவர்கள்.

விழா முடிந்ததும் எங்களை அதிபரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரோரமாக நின்றோம். அவள் ஓரடி முன்னால் நின்று, "நான்தான் திருப்பி மடிக்கச் சென்ன சேர்" என்றாள்.

"குமருப் புள்ளைகள்ர பேர இப்பிடி ஊருக்கெல்லாம் காட்டுறதா? வெக்கமில்லியா உனக்கு?" அதிபருக்கு முகம் சிவந்திருந்தது. "நாளைக்குக் காலக் கூட்டத்தில உன்னப் பேர் சொல்லிக் கூப்புடுவன். வந்து எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கோணும். இல்லாட்டி வாப்பாவக் கூட்டிக்கொண்டு வா."

"மைக்கில கூப்புடுவீங்களா சேர்?"

"ஓம்."

"என்ட பேரச் சொல்லியா?"

"ஓம். பின்ன ஆருட பேர?"

"மைக்கில சென்னா மதிலுக்கு அங்கால றோட்டுக்கும் கேக்குமே சேர்."

அவள் அதை வாதத்துக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள். எங்களில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. பாட்டுப் பாடியதற்காகப் பெயர் போட்டால் வெட்கம். தண்டிப்பதற்குப் பெயர் சொன்னால் அது ஒழுக்கம். அதிபருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். "வெளிய போங்க" என்று கத்தினார்.

மேடையில் கொடுத்தவை போக அந்தக் கட்டில் மிச்சமிருந்த உறைகளை மறுநாள் பையன்களைக் கொண்டு மீண்டும் சரிப்படுத்தினார்கள். வெள்ளைப் பக்கத்தை உள்ளே மடித்து, முதலாளியின் முகத்தை வெளியே கொண்டுவந்தார்கள். கல்முனைக் கடைகளில் கசெட்டு அப்படித்தான் தொங்கியது. நன்றாக விலைபோனது என்றார்கள். கலியாண வீடுகளில் நாங்கள் பாடியதையும் அடித்ததையும் நாங்களே கேட்டுக்கொண்டு சோறு பரிமாறினோம்.

காலைக் கூட்டத்தில் அதிபர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெள்ளைச் சீருடை வரிசைகளுக்கு நடுவால் நடந்துபோய் மேடையில் ஏறினாள். மைக் அவளுக்கு உயரமாக இருந்தது. ஒரு ஆசிரியர் வந்து இறக்கிக் கொடுத்தார்.

"அதிபர் சேருக்கும் ஆசிரியர்மாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கினாள். எழுத்துத் தமிழில், நிதானமாகப் பேசினாள். "நெய்தற் பாட்டு என்ற கசெட்டின் உறையில், முதலாவது பாட்டைப் பாடிய ஆதம்பாவா றஹ்மத்தும்மாவின் பெயர் வெளியில் தெரிந்ததற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவது பாட்டைப் பாடிய மீராலெப்பை நஸீமாவின் பெயர் வெளியில் தெரிந்ததற்காக மன்னிப்புக் கேட்கிறேன்."

அவள் என்ன செய்கிறாள் என்பது எங்களுக்கு மூன்றாவது பெயரில்தான் விளங்கியது. அதிபருக்கும் அப்போதுதான் விளங்கியது. அவர் கையை அசைக்க, மைக் நின்றது. அவள் பேச்சை நிறுத்தினாள். கத்தவில்லை. இறங்கவும் இல்லை. அதிபர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். முன்வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது.

"மன்னிப்பு இன்னும் முடியல்ல சேர்."

முழுப் பாடசாலையும் பார்த்துக்கொண்டிருந்தது. அரைகுறை மன்னிப்போடு அவளை இறக்கினால் தோற்றது யார் என்று முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மைக் மறுபடியும் வேலை செய்தது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பாட்டையும் சொல்லி, பாடியவளின் பெயரையும் அவளுடைய வாப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாள். தறிப்பாட்டுக்கு வந்தபோது, "இதைப் பாடியவர் தன் பெயர் வேண்டாம் என்று சொன்னார். அவருடைய பெயர் வெளியில் தெரியவில்லை. அதற்கு மன்னிப்புத் தேவையில்லை" என்றாள். கடைசியாக, "றபான் அடித்த உதுமாலெப்பை சுலைஹாவின் பெயர் வெளியில் தெரிந்ததற்காக மன்னிப்புக் கேட்கிறேன்" என்றாள்.

அது நான்தான். வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

ஆனால் வீட்டுக்குப் போகும்போது பயம் பிடித்துக்கொண்டது. வாப்பாவின் தேத்தண்ணிக் கடை பாடசாலைக்கு எதிரே றோட்டின் அந்தப் பக்கத்தில் இருந்தது. மைக்கில் சொன்னது எல்லாம் அங்கே கேட்டிருக்கும். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டார். உம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"காலையில மைக்கில உன்ட பேரச் சென்னாங்க, என்ன?"

"ஓம் வாப்பா."

"அந்த நேரம் பாத்து ஒரு லொறி போயிற்று. சரியாக் கேக்கல்ல. முழுசாச் சென்னாங்களா?"

"ஓம். உங்கட பேரையும் சேத்துத்தான் சென்னா."

கடைக்காரர் ஒருவர் அந்தக் கசெட்டைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார் போலும். "நானும் அத எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தன்" என்றார். "உன்ட பேர் இல்ல. ஏன் போடல்ல?"

"நீங்க கோபிப்பீங்களாம்."

"ஆரு சென்ன?"

"அதிபர் சேர்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு என்ட கடையிலதான் தேத்தண்ணி குடிக்கிற" என்றார். "ஒரு நாளும் என்னட்டக் கேக்கல்ல."